ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஊர்

கோட்டுக்காரர் என்றால் கம்பெனியில் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் தார் ரோட்டில் கோடு போட்டவர். நடுக்கோடு, ஓரக்கோடு, ஆள் கடக்கிற பட்டை, பள்ளிக்கூடத்து வாசலில் ‘மெதுவாக’ என்கிற எழுத்து, எல்லாம் அவர் கை. கயிற்றில் சுண்ணாம்புப் பொடி தடவி, இரண்டு முனையிலும் ஆள் பிடித்து, நடுவில் இழுத்துச் சுண்டினால் தரையில் ஒரு தடம் விழும். அந்தத் தடத்தின் மேல் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். லாரியின் மேல் கொப்பரையில் பெயின்ட் தூள் உருகிக் கொதிக்கும். அதை வாங்கிக் கைவண்டியில் ஊற்றி, நிற்காமல், குலுங்காமல், திரும்பிப் பார்க்காமல் தள்ள வேண்டும். நின்றால் நின்ற இடத்தில் கொழகொழவென்று குவியும். ஓடினால் மெலிந்து போகும். கோட்டுக்காரர் தள்ளினால் ஒரு கிலோமீட்டருக்கும் ஒரே கனம். ஆறியதும் குனிந்து கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்ப்பார். நகம் வழுக்கினால் நல்ல கோடு. உள்ளே போனால் அன்றைக்கு முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

இந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு இரண்டு பக்கமும் சிவப்புக் கூம்பு வைத்து ரோட்டை மூடுவார்கள். ஏழு மணிக்குக் கூம்பை எடுப்பார்கள். எடுக்கிற நேரத்தில் கோட்டுக்காரர் லாரியில் தூள் மூட்டையின் மேல் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே, தான் போட்ட கோட்டின் மேல் ஊர் போகிறதை அந்த மனிதர் பார்த்தது கிடையாது. அவருக்குத் தெரிந்த ரோடெல்லாம் காலி ரோடு. அதில் ஒரு குறை இருப்பதாக அவருக்குத் தோன்றியதும் இல்லை, பெண்டாட்டி விழுகிற வரைக்கும்.

அவளுக்கு ஒரு கண் தெரியாது. ஆறு வயதில் கம்பிவேலி குத்திப் போனது. சைக்கிளில் போகும்போது வண்டிகள் வருகிற பக்கத்துக் கண் அது. மோட்டார் வண்டி லைசென்ஸ் கேட்டுப் போனபோது முடியாது என்று சொல்லிவிட்டார்கள். “குடுக்காட்டி போங்க, எனக்குக் காலு ரெண்டும் இருக்கு” என்று அந்த ஆபீசிலேயே சொல்லிவிட்டு வந்தவள். பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் ஆபரேஷன் துணியும் மலைமாதிரி வந்து கொட்டும், துவைத்து, நீராவிப் பெட்டியில் தேய்த்து, நாலாக மடித்து அடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். முதல் பஸ் வருவதே ஏழரைக்கு. பதினெட்டு வருஷமாக ஒரே சைக்கிள், முன்னால் கூடை வைத்தது, அவள் சம்பளத்தில் வாங்கியது.

வீட்டில் அதிகம் பேசமாட்டாள். சைக்கிளில் ஏறினால் வாய் திறந்துகொள்ளும். நாத்தனார் போன வருஷம் சொன்ன ஒரு சொல்லுக்குப் பதில், மேற்பார்வை அம்மாவிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி, எல்லாவற்றையும் சத்தமாகப் பேசிக்கொண்டே மிதிப்பாள். எதிரில் வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். “பாத்தா பாக்கட்டும். பாதிச் சண்டைய ரோட்லயே முடிச்சிட்டு வர்றேன். உங்களுக்கு மிச்சம் பாதிதான் வருது, சந்தோஷப்படுங்க” என்பாள் புருஷனிடம்.

அவர்கள் ஊரில் சைக்கிள் பாதை போடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ரோட்டை அகலமாக்க இடம் இல்லை. ஓரத்தில் வரிசையாக நிற்கிற கார்களை எடு என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. இன்ஜினியர் வந்து, நிற்கிற காருக்கும் ஓடுகிற காருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, ஐம்பது அடிக்கு ஒரு சைக்கிள் படம் அச்சு வைக்கச் சொன்னார்.

“அகலம் எவ்வளவுங்க?” என்று கோட்டுக்காரர் கேட்டார்.

“இருக்கிற அகலம்தான்.”

கொப்பரையைக் கவனிக்கிறவனுக்குப் புகை என்று பட்டப்பெயர். முப்பது வருஷம் அந்தப் புகையில் நின்று, பேசினாலே இருமுகிறவன். அவன் லாரியின் மேலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னான்: “யோவ், கார்க் கதவு எவ்வளவு தூரம் தொறக்கும்னு அளந்தியா?”

“அத எதுக்கு நான் அளக்கணும்? கதவா போடச் சொன்னாங்க? கோடு போடச் சொன்னாங்க.”

“சரிதான், நீ கோட்டப் போடு. நான் தூளப் போடுறேன்.”

கோடு அருமையாக விழுந்தது. நகம் வழுக்கியது.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் வேலை முடிந்து வரும்போது, நின்றிருந்த ஒரு காரின் கதவு திறந்தது. திறந்தவன் பின்னால் பார்க்கவில்லை. காறை எலும்பு உடைந்தது, விலா இரண்டு. அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். கோட்டுக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தபோது, தனக்கு விரித்திருந்த விரிப்பின் ஓரத்தை நல்ல கையால் தடவிக்கொண்டு கிடந்தாள்.

“இது நான் மடிச்சது இல்ல. புதுசா வந்திருக்காளே, அவ மடிச்சது. ஓரம் சேரவே இல்ல பாருங்க” என்றாள்.

“எந்த இடத்துல விழுந்தே?”

“மருந்துக்கடைக்கு எதுத்தாப்ல.”

மருந்துக்கடைக்கு எதிரில் எத்தனையாவது சைக்கிள் படம் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

“நான் கோட்டுக்கு உள்ளதாங்க போனேன்” என்றாள் அவள், தன் மேல் தப்பு இல்லை என்று காட்டுகிற மாதிரி. “ஒரு சாண் கூட வெளிய வரல.”

எலும்பு பத்து வாரத்தில் கூடிவிட்டது. அவள் சைக்கிள் ஏறவில்லை. வாசலில் நிறுத்தி, மிதிகட்டையில் ஒரு காலை வைப்பாள். தெருவில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்கும். காலை எடுத்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்கு நடந்தால் ஒரு மணி பத்து நிமிஷம். எட்டு மணி நேரம் நின்று தேய்க்கிற முழங்காலுக்கு அது ஆகவில்லை. மூன்று முறை நேரம் தவறிப் போனதில் மேற்பார்வை அம்மா கூப்பிட்டு, இன்னொரு முறை ஆனால் தன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள். விடியற்காலையில் வேலையில் நிற்கிற புருஷன் கொண்டுபோய் விடவும் வழியில்லை. அண்ணன்காரன் மோட்டார் சைக்கிளில் நாலு நாள் விட்டுவிட்டு வந்தான். ஐந்தாம் நாள் அவளே வேண்டாம் என்றாள். “மூட்ட மாதிரி பின்னால உக்காந்துக்கிட்டு, அவன் நேரத்துக்கு நான் ஓடிக்கிட்டு. எனக்கு வேணாம்.”

அதைவிட மோசம், சண்டை நின்றுபோனது. வெளிப்பேச்சு இல்லாமல், தனிப்பேச்சும் இல்லாமல், வந்தால் படுப்பாள், எழுந்தால் நடப்பாள். கோட்டுக்காரர் வேண்டுமென்றே குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிப் பார்த்தார். எழுந்து உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் அவர் பயந்தார்.

“ஊர் மாறிடலாம்” என்றார். “சைக்கிளுக்கு நல்ல பாதை இருக்கிற ஊரா பாத்துப் போயிடலாம். நீ பயமில்லாம ஓட்டுற ஊர நான் கண்டுபிடிச்சுக் காட்டுறேன்.”

“அப்படி ஊர் இருக்கா?”

“இல்லாமலா இத்தன கோடு போடுறோம்?”

மகள் கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். அவளிடம் போனில் கேட்டார்கள். அவள் தேடி, சைக்கிள் ஓட்ட வசதியான ஊர்கள் என்று யாரோ போட்டிருந்த பட்டியல் ஒன்றை அனுப்பினாள். எந்த ஊரில் எத்தனை கிலோமீட்டர் பாதை என்று பக்கத்திலேயே எண். “அப்பா, எல்லாத்தையும் நம்பாதீங்க, நேர்ல போய்ப் பாருங்க” என்றாள். நேரில் போகிறதென்றால் ஞாயிற்றுக்கிழமைதான். அவருக்கும் லீவு, பெண்டாட்டிக்கும் லீவு.

முதல் ஊரில் ஏரியைச் சுற்றிப் பாதை. வழுவழுவென்று சிவப்புத் தரை, இரண்டு பக்கமும் மரம், உட்கார பெஞ்சு. ஆசைப்பட்டு நடந்து பார்த்தார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி, அதே கார் நிறுத்துகிற இடத்தில் வந்து முடிந்தது. காரின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கோட்டுக்காரர் காவல்காரரிடம், இந்தப் பாதை ஊருக்குள் எங்கே போகிறது என்று கேட்டார்.

“எங்கயும் போகாது. இது ஓட்டுறதுக்கு.”

“வேலைக்குப் போறவங்க?”

“வேலைக்கு எவன்யா சைக்கிள்ல போறான்” என்றார் காவல்காரர், அவளுடைய முகத்தைப் பார்த்தபடியே.

இரண்டாவது ஊர்தான் உண்மையான ஊர். அங்கே கோடே கிடையாது. ரோட்டுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டியிருந்தார்கள், சில இடத்தில் செடி வைத்திருந்தார்கள். சைக்கிளுக்குத் தனி விளக்கு. அது பச்சை விழுந்து சைக்கிள்கள் எல்லாம் போன பிறகுதான் காருக்குப் பச்சை. கார் நிற்கிற இடம் கல்லுக்கு அந்தப் பக்கம், அதன் கதவு திறந்தாலும் கல்லில்தான் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் ஓட்டம் ஓயவில்லை. கூடையில் காய்கறி வைத்துக்கொண்டு ஒருத்தி, பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டுகிற ஒரு கிழவர். அவள் ஒரு டீக்கடை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆடை படிந்து ஆறிப்போனது.

“அப்ப நெசமாவே இருக்கு” என்றாள்.

“நான்தான் சொன்னேனே.”

“யாருமே திரும்பிப் பாக்காம ஓட்டுறாங்க பாருங்க. கழுத்து வலி இருக்காது இவங்களுக்கு.”

கோட்டுக்காரர் நாலு இடத்தில் வீடு கேட்டார். முதல் மூன்று இடத்தில் வாடகையைச் சொன்னார்கள். இரண்டு பேர் சம்பளத்தையும் அப்படியே கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தாலும் எட்டாது. நாலாவது இடத்தில் ஒரு புரோக்கர், ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், விவரமாகச் சொன்னார்: “அண்ணே, பாதை வந்த பிறகுதான் வாடக ஏறுச்சு. இங்க முன்னாடி குடியிருந்தவங்கள்லாம் உங்கள மாதிரி ஆளுங்கதான். இப்ப அவங்க பைபாஸ் பக்கம் போயிட்டாங்க. அங்க வீடு இருக்கு, வேணுமா?”

“அங்க பாதை இருக்கா?”

“லாரிப் பாதைதான்.”

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். “பாக்காமலே இருந்திருக்கலாம்” என்றாள் நடுவில் ஒரு தடவை. அவ்வளவுதான்.

கோட்டுக்காரர் விடுகிற ஆள் இல்லை. பட்டியலில் முதல் இடத்தில் ஒரு ஊர் இருந்தது. அறுபத்தொரு கிலோமீட்டர் பாதை. கம்பெனிக்கு அங்கே கிளை உண்டு. அங்கிருக்கிற ஆஸ்பத்திரியிலும் துணி பிரிவில் ஆள் வேண்டும் என்று கேள்வி. இந்தத் தடவை சைக்கிளையும் ரயிலில் சரக்குப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலிவான வீடுகள் இருக்கிற பேட்டையிலிருந்து கடைவீதி நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறது. கடைவீதி முழுக்க ஓரத்தில் அகலமாகப் பச்சைப் பட்டை, அதன் மேல் வெள்ளையில் சைக்கிள் படம். ஒரு கார் கிடையாது. கடைகள் எல்லாம் கதவு இறக்கிக் கிடந்தன.

கோட்டுக்காரர் குனிந்தார். நகத்தை வைத்தார். வழுக்கியது. பத்தடி தள்ளி வைத்தார். வழுக்கியது. உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார், வெளிச்சத்துக்கு மின்னுகிற கண்ணாடித்தூள் கையில் ஒட்டவில்லை, சூட்டிலேயே தூவியிருக்கிறார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் கோட்டை நோட்டம் விட்டார். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

“யாரு கையோ தெரியல. சுத்தமான வேல” என்றார்.

ஒரு குறைதான் அவர் கண்ணில் பட்டது. பச்சைப் பட்டையின் மேல் பத்தடிக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு, கறுப்பாக, சில இடத்தில் தட்டு அகலத்துக்கு. எண்ணெய் இருந்தால் பெயின்ட் பிடிக்காது என்பதால் எந்த ரோட்டிலும் அவர் கண் முதலில் அங்கேதான் போகும். இங்கே பெயின்டுக்கு மேல் எண்ணெய். “கழுவாம வெச்சிருக்கானுங்க” என்று சூள்கொட்டிவிட்டு எழுந்தார். அந்தப் பொட்டு எங்கிருந்து சொட்டியது என்று கேட்கத் தோன்றவில்லை.

அவள் அதற்குள் ஏறியிருந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு. முதல் நூறு அடி கைப்பிடி ஆடியது. அப்புறம் நேரானது. கடைவீதிக் கோடி வரைக்கும் போய், ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். வரும்போது தூரத்திலேயே அவள் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டு வந்தாள். கோட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்துகிற மாதிரி துடைத்துக்கொண்டார்.

“யார அந்த ஏச்சு ஏசினே?”

“கதவு தொறந்தவன” என்றாள். மூச்சு வாங்கியது. “ஏங்க, நாளைக்கும் இப்படியே இருக்குமா?”

“கோடு போட்டாச்சுன்னா போட்டாச்சு. மழைக்குப் போகாது, வெயிலுக்குப் போகாது. அஞ்சு வருஷம் அசையாது.”

அவள் கேட்டது அதையல்ல. அவருக்குத் தெரிந்த பதில் அதுதான்.

மாற்றல் வாங்கினார். பழைய கம்பெனியில் புகை வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “போற ஊர்லயாவது கூம்ப எடுத்த பிறகு பத்து நிமிஷம் முழிச்சிரு” என்று இருமினான். சாமானைக் கட்டினார்கள். பதினெட்டு வருஷ வேலையை விட்டுவிட்டு அவள் வந்தாள். புது ஆஸ்பத்திரியில் மறுபடி அடிமட்டத்திலிருந்து, அழுக்குத் துணி பிரிக்கிற மேஜையில் நிற்கச் சொன்னார்கள். “பரவாயில்ல, சைக்கிள் இருக்கே” என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளம்பினாள். கோட்டுக்காரர் புகை சொன்னதை நினைத்துக்கொண்டு, முதல் நாள் லீவு போட்டு, கடைவீதி முனை வரைக்கும் கூடவே நடந்தார்.

பச்சையே தெரியவில்லை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் சரக்கு வண்டி, ஒன்றின் வாலில் ஒன்றின் மூக்கு. பெட்டி இறக்குகிறவன், பால் கேன் உருட்டுகிறவன், வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்குகிறவன். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டுக்காரர் அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு டிரைவரிடம் போனார். “இது சைக்கிள் பாதைங்க.”

“ஆமா” என்றான் அவன். “அதான் நல்லா அகலமா இருக்கு.”

“வண்டிய எடுத்தா இவங்க போவாங்க.”

“எடுத்துட்டு எங்க வைக்கிறது, உங்க தலையிலயா? சுத்திப் போகச் சொல்லுங்க பெரியவரே. எவ்வளவு ரோடு கெடக்கு.”

கிடந்த ரோட்டில் பஸ்ஸும் லாரியும் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. வண்டியைச் சுற்றிப் போவதென்றால் அதற்குள் இறங்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கண்தான் அவளுக்குத் தெரியாது. முழுக்கழுத்தையும் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு, திருப்பினால் கைப்பிடி திரும்பும். முதல் வண்டியைச் சுற்றினாள். இரண்டாவதைச் சுற்றினாள். மூன்றாவதில் ஒரு பஸ் அவள் முழங்கைச் சட்டையை உரசிக்கொண்டு போனது. இறங்கினாள். சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் வைத்தாள். திரும்பி அவரைப் பார்க்கவில்லை. தள்ளிக்கொண்டு நடந்தாள்.

மத்தியானம் மூன்றரைக்குத் திரும்பும்போது சரக்கு வண்டி இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த கார்கள் நின்றன. சாயங்காலம் வேறு கார்கள். அந்தப் பச்சையை அதுவரை அவர்கள் முழுசாகப் பார்த்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

மகள் போன் செய்து, “அம்மா ஓட்டுறாங்களா?” என்று கேட்டாள்.

“தெனமும் சைக்கிளோடதான் போறா” என்றார் கோட்டுக்காரர். கூடவே கொண்டு போகிறாளே, பொய் இல்லை.

அவள் அதைத் தள்ளிக்கொண்டே போய்த் தள்ளிக்கொண்டே வந்தாள். சோற்று டப்பா கூடையில். முழங்கால் வலிக்கும்போது கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொள்வாள். பதினெட்டு வருஷம் ஓட்டிய சைக்கிள் கைத்தடி ஆனது. சீக்கிரமாக, ஐந்தே முக்காலுக்கே கிளம்பினால்தான் ஏழுக்குள் போக முடியும். ஒரு நாளாவது அவரைக் குற்றம் சொல்லியிருந்தால் கோட்டுக்காரர் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பார். சொல்லவில்லை. வந்தாள், கால் இரண்டையும் வெந்நீரில் வைத்துக்கொண்டாள், சுவரைப் பார்த்தாள்.

மூன்று மாதம் போனது. கிளையின் மேஸ்திரி, நல்ல மாதிரியான ஆள், ஒரு நாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்காரரிடம் வந்தார். “நாளைக்குக் கடைவீதி. அந்தப் பச்சைய எடுத்துடணும்.”

“எடுத்துட்டு?”

“சரக்கு வண்டி நிறுத்துற கட்டம் போடணும். கடைக்காரங்க மனு குடுத்திருக்காங்க. ஏற்கெனவே அங்கதானே நிக்குது, சட்டப்படி நிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க.”

“பாதை?”

“யாரும் ஓட்டலன்னு எழுதியிருக்கு. எண்ணிப் பாத்தாங்களாம். ஒரு நாள் பூரா உக்காந்து எண்ணினதுல பதினோரு சைக்கிள். அதுலயும் ஒண்ணு தள்ளிக்கிட்டுப் போனதுன்னு போட்டிருக்கு.” மேஸ்திரி சிரித்தார். கோட்டுக்காரரும் முகத்தை அந்த மாதிரி வைத்துக்கொண்டார்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லத்தான் இரண்டு முறை வாயைத் திறந்தார். அவள் கால் வெந்நீரில் இருந்தது.

மறுநாள் நாலு மணிக்குக் கடைவீதியைக் கூம்பு வைத்து மூடினார்கள். சரக்கு வண்டிகளையெல்லாம் முந்தின நாளே அறிவிப்பு ஒட்டி அடுத்த தெருவுக்கு விரட்டியிருந்தார்கள். தெரு வெறிச்சென்று கிடந்தது. விடிந்து வருகிற வெளிச்சத்தில் பச்சை முழுசாகத் தெரிந்தது. முதல் இரண்டு மணி நேரம், அடுத்த நாள் போடப்போகிற கட்டத்துக்கு அளவு எடுத்து, நடைபாதை ஓரக்கல்லில் குறி வைத்தார்கள். ஆறு மணிக்குச் சுரண்டுகிற மிஷினை லாரியிலிருந்து இறக்கினார்கள். அப்போது முனையில் சைக்கிளோடு அவள் நின்றாள்.

கோட்டுக்காரர் போய் ஒரு கூம்பை நகர்த்தினார்.

“ஓட்டு” என்றார்.

“என்ன வேல இன்னிக்கு?”

“கோட்டு வேலதான். ஓட்டு, ஒருத்தனும் வரமாட்டான். நான் நிக்கிறேன்.”

அவள் தெருவைப் பார்த்தாள். அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். கழுத்தைத் திருப்பி, தெரியாத பக்கமும் பார்த்தாள். அங்கே கூம்பு தவிர ஒன்றும் இல்லை. ஏறினாள். கைப்பிடி ஆடியது, நேரானது. போனாள். வேலைக்காரர்கள் கையில் இருந்ததை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஆஸ்பத்திரி முனையைத் தொட்டதும் அப்படியே போய்விடுவாள் என்று நினைத்தார் கோட்டுக்காரர். திரும்பினாள். நேரம் இருக்கிறதே என்று இன்னொரு நடை. வருகிற வழியில் அவள் குரல் கேட்டது. இந்தத் தடவை மேற்பார்வை அம்மாவை ஏசினாள், அப்புறம் நாத்தனாரை. பழைய சுதி. மணியை வேண்டுமென்றே இரண்டு தடவை அடித்தாள்.

அருகில் வந்ததும் மிஷினைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கோட்டுக்காரனோடு குடித்தனம் பண்ணியவளுக்கு எந்த மிஷின் எதற்கு என்று தெரியும்.

“இது போடுற மிஷின் இல்லையே.”

அவர் நகர்த்திய கூம்பை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

“சுரண்டுறதா?”

“ம்.”

“இதையா?”

“ம்.”

இறங்கினாள். கூடையிலிருந்து சோற்று டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். சைக்கிளை அவர் பக்கம் தள்ளினாள். “இத வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. லாரியிலதானே வருவீங்க.”

“நீ?”

“தள்ளுறதுக்கு இல்லாட்டி கொஞ்சம் வேகமா நடக்கலாம்.”

நாலு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள். “நல்லா சுரண்டுங்க” என்றாள். “அரகொறையா விட்டுடாதீங்க. கொஞ்சம் பச்ச தெரிஞ்சாலும் எவளாவது நம்பி ஏறிடுவா.”

மேஸ்திரி சைக்கிளைக் கையில் வாங்கிக்கொண்டு, “இத எங்கண்ணே வைக்கிறது?” என்று கேட்டார்.

“மூட்ட மேல படுக்க வைங்க.”

அன்றைக்கு ஏழு மணிக்குக் கூம்பை எடுக்கிற வரைக்கும் கோட்டுக்காரர் தூங்கவில்லை. மிஷின் போன இடத்தில் எல்லாம் மறுபடி ஒரு தடவை ஓட்டினார். பிறகு குனிந்து, சைக்கிள் படம் இருந்த இடங்களில் ஒவ்வொன்றாக நகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். நகத்தில் எதுவும் தட்டவில்லை. அவர் நிமிர்ந்தபோது அந்த முனையிலிருந்து முதல் சரக்கு வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.